எட்டுக் குட்டி என்றால் எட்டுப் பங்கும் லாபம்தானே?

ஜூன் 3, மாலை. வாசகர் கேள்வி

எங்கள் லாப்ரடார் பெட்டைக்கு இரண்டரை வயது. நல்ல குணம், நல்ல உடம்பு. ஒரு தடவை குட்டி போடட்டும் என்று நினைக்கிறோம். தெரிந்தவர் வீட்டில் அதே இனத்தில் ஆண் நாய் இருக்கிறது, நன்றாக ஓடியாடுகிறது. பிரீடர்கள் ஒரு குட்டிக்குக் கேட்கும் பணத்தைக் கேட்டால் தலை சுற்றுகிறது. நாயே சேர்கிறது, நாயே ஈனுகிறது, நாயே பால் கொடுக்கிறது. எட்டுக் குட்டி என்றால் எட்டுப் பங்கும் லாபம்தானே? நாய்மேல் உண்மையில் பாசம் இருப்பவர் குட்டிக்குக் காசு வாங்குவாரா?

ஜூன் 3, இரவு

பதினோரு வருடத்தில் மூன்று ஈற்று பார்த்திருக்கிறேன், மூன்றும் லாப்ரடார்தான். மூன்றுக்கும் கணக்கு நோட்டு வைத்திருக்கிறேன். முதலாவது கையைக் கடித்தது. இரண்டாவது இன்னும் பலமாகக் கடித்தது. மூன்றாவதில் போட்ட பணம் திரும்பி வந்தது, என் தூக்கத்துக்கு விலை போடாவிட்டால்.

ஆண் நாய் பக்கத்தில் வருவதற்கு முன்பே செலவு தொடங்கிவிடும். இடுப்பு மூட்டுக்கும் முன்னங்கால் முழங்கை மூட்டுக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நாய் அசையாமல் சரியான நிலையில் படுத்திருந்தால்தான் படம் உதவும், அதனால் பெரும்பாலும் மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள். அமெரிக்க முறையில் இரண்டு வயது நிறைந்த பிறகு எடுத்த படத்துக்குத்தான் முடிவான மதிப்பெண் தருகிறார்கள். அப்புறம் கண் மருத்துவரிடம் பரிசோதனை. இனத்துக்கென்று உள்ள மரபணுச் சோதனைகள். இரண்டு நாய்க்கும் புரூசெல்லா ரத்தப் பரிசோதனை. இந்தக் கிருமி கருவைக் கலைக்கும், ஆண் நாயை மலடாக்கும், மனிதருக்கும் தொற்றும். இதில் எதைச் செய்யாமல் விட்டாலும் வெளியே தெரியாது. குட்டிகள் எல்லாமே அழகாகத்தான் பிறக்கும்.

மரபணுச் சோதனையில் நோய் மரபணு ஒன்று இருப்பதாகத் தெரிந்தாலும் அந்த நாயை இணை சேர்க்கவே கூடாது.

ஜூன் 4, காலை

நேற்று இணை சேர்ப்பதற்கு முந்தைய சோதனைகளோடு நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு உள்ளது.

பெட்டை பருவத்துக்கு வந்ததும் இரண்டு நாளுக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் அளவு பார்க்க வேண்டும். கருமுட்டை எந்த நாளில் வெளிவந்தது என்று அதில் தெரியும், அந்த நாளிலிருந்து ஏறக்குறைய 63 நாளில் ஈனும். இணை சேர்ந்த நாளை வைத்து எண்ணினால் ஒரு வாரம்கூட முன்பின் ஆகும். அந்த ஒரு வாரக் குழப்பத்தில்தான் சிலர் சிசேரியனைத் தாமதப்படுத்திக் குட்டிகளை இழக்கிறார்கள், சிலர் அவசரப்பட்டு நுரையீரல் முதிராத குட்டிகளை வெளியே எடுக்கிறார்கள்.

ஒரு மாதத்தில் ஸ்கேன். 55 நாள் கடந்ததும் எக்ஸ்ரே, வயிற்றிலுள்ள குட்டிகளின் மண்டை ஓடுகளை எண்ணுவதற்கு. எட்டு என்று தெரிந்திருந்தால் ஏழு வந்த பிறகு அம்மா அசந்து படுத்தாலும் நாம் படுக்க மாட்டோம்.

குட்டி போடும் பெட்டிக்கு உள்சுவரில் சுற்றிலும் ஒரு கட்டை அடிக்க வேண்டும். அம்மா சுவரோரம் சாயும்போது குட்டி நசுங்காமல் இருக்க அந்தக் கட்டைக்குக் கீழே உள்ள இடைவெளிதான் காப்பாற்றும். சமையலறைத் தராசு ஒன்று, கிராம் காட்டுவதாக வாங்குங்கள்.

ஜூன் 4, மதியம்

"ஒரு தடவையாவது குட்டி போட்டால்தான் பெட்டைக்கு உடம்பு நல்லது" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கிடையாது. ஒரு ஈற்று போட்டதால் எந்த நோயும் வராமல் போவதில்லை. கருப்பையில் சீழ் கட்டுவது குட்டி போட்ட நாய்க்கும் வரும், போடாத நாய்க்கும் வரும். நாய்க்குத் தாய்மை ஏக்கம் என்பதும் நம் மனதில் இருப்பதுதான். உங்கள் வீட்டில் குட்டி பார்க்க ஆசை என்றால் அதை அப்படியே சொல்லுங்கள், அதில் தப்பில்லை.

ஜூன் 7

முதல் ஈற்றைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன்.

ஒன்பது குட்டிகள். எல்லாம் கறுப்பு, யார் யார் என்று தெரியாது. பிறக்கப் பிறக்கக் கழுத்தில் கம்பளி நூல் கட்டினேன், நிறத்துக்கு ஒன்றாக. சிவப்பு நூல் 510 கிராம், பிறந்த நிமிடத்திலிருந்து மற்றவர்கள் தலைமேல் ஏறிப்போய்ப் பால் குடித்தவன். பச்சை நூல் கடைசி, 270 கிராம். சவ்வு கிழிந்து வந்ததும் தொட்டுப் பார்த்தேன், மூக்கு நுனி சில்லென்று இருந்தது.

முதல் நாள் கொஞ்சம் எடை குறைவது சகஜம். அடுத்த நாளிலிருந்து தினமும் பிறந்த எடையில் ஐந்திலிருந்து பத்து சதவீதம் ஏற வேண்டும். பச்சை நூல் 270, 258, 251. அம்மா அதை மூக்கால் ஒதுக்கி ஒதுக்கி மூலைக்குத் தள்ளினாள். பசி என்று நினைத்தேன். பால்பொடி கரைத்து, துளித்துளியாக வாயில் விட்டேன். குடித்தது, எனக்குச் சந்தோஷம். அன்று இரவு வயிறு உப்பி, வாய் திறந்து திறந்து மூச்சு வாங்கி, விடியும்முன் போய்விட்டது.

டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. பிறந்த குட்டியால் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்க முடியாது, நடுங்கக்கூடத் தெரியாது. உடம்பு குளிர்ந்தால் குடல் நின்றுவிடும். உள்ளே போகிற பால் செரிக்காமல் அங்கேயே தங்கும். முதலில் சூடு, மெதுவாக, ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரம் எடுத்தாலும் சரி. உடம்பு சூடான பிறகுதான் பால். நான் வரிசையை மாற்றிச் செய்தேன்.

மூன்றாவது ஈற்றில் ஏறக்குறைய அதே எடையில் ஒன்று வந்தது, நீல நூல். சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு விடியவிடிய உட்கார்ந்திருந்தேன். இப்போது அதற்கு மூன்று வயது, தண்ணீரைக் கண்டால் விடாது.

கேட்டவர் கேட்டது செலவு. நோட்டில் பச்சை நூலுக்கு எதிரே பால்பொடி டப்பா ஒன்று என்று மட்டும் எழுதியிருக்கிறது.

ஜூன் 8

நேற்றைய குறிப்பைப் பார்த்துவிட்டு, கர்ப்பமாக இருக்கும் நாய்க்குக் கால்சியம் மாத்திரை கொடுத்தால் குட்டிகள் பலமாகப் பிறக்குமா என்று கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். நான் இரண்டாவது ஈற்றில் கொடுத்தேன், டாக்டரைக் கேட்காமல், நல்லது என்று நினைத்து.

வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால், எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும் வேலையை உடம்பு குறைத்துக்கொள்ளும். குட்டிகள் வளர்ந்து பால் பெருகும் நேரத்தில் திடீரென்று நிறையத் தேவைப்படும், அப்போது எடுத்துக் கொடுக்க முடியாமல் திணறும். குட்டிகளுக்கு மூன்றாவது வாரம். அம்மா கூடத்தில் மரக்கால் வைத்தவள் மாதிரி விறைத்து நடந்தாள். முகத்துத் தசை துடித்தது. காய்ச்சல் 41 டிகிரி. ஆஸ்பத்திரியில் கால்சியத்தை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள், ஒருவர் ஸ்டெதஸ்கோப்பை அவள் நெஞ்சிலிருந்து எடுக்கவே இல்லை. வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அரை மணி நேரத்தில் எழுந்து வாலை ஆட்டினாள்.

பால் காய்ச்சல் என்று மாட்டுக்குச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், அதே வகைதான். சின்ன உடம்பு நாய்களுக்கு அதிகம் வரும், ஆனால் நிறையக் குட்டி போட்ட எந்த நாய்க்கும் வரலாம். அடுத்த நாள் முழுக்க ஏழு குட்டிகளுக்கும் புட்டிப்பால், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு சுற்று முடிப்பதற்குள் முதல் குட்டி மறுபடி கத்த ஆரம்பிக்கும்.

இரண்டாவது ஈற்றின் கணக்கு ஏன் அப்படி ஆனது என்பதற்கு இதுதான் பதில்.

ஜூன் 15

முதல் நாள் எழுதியதில் ஒரு தப்பு. நோய் மரபணு ஒன்று இருந்தாலே இணை சேர்க்கக் கூடாது என்று எழுதியிருந்தேன். ஒருவர் திருத்தினார், அவர் சொல்வது சரி.

லாப்ரடாரில் படிப்படியாகக் கண் பார்வை போகும் நோய் ஒன்று உண்டு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு கெட்ட பிரதி சேர்ந்தால்தான் நோய் வரும். ஒரு பிரதி மட்டும் சுமக்கும் நாய்க்குப் பார்வை நன்றாகவே இருக்கும். அதைச் சுத்தமான நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது, சராசரியாகப் பாதிக் குட்டிகள் ஒரு பிரதியைச் சுமக்கும், அவ்வளவுதான். சுமக்கிற நாய்களை எல்லாம் ஒரேயடியாக ஒதுக்கினால் அவற்றிடமிருந்த நல்லவையும் சேர்ந்து போய்விடும். மிச்சமிருப்பவை ஒன்றுக்கொன்று மேலும் நெருங்கிய சொந்தமாகும். இன்னும் பெயர் வைக்காத வேறு நோய்கள் தலை தூக்கும். சோதனை செய்வது ஜோடி சரியாகப் பார்த்து அமைக்க.

இடுப்பு மூட்டுக் கோளாறு அப்படி இல்லை. அதில் பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. குட்டி எவ்வளவு வேகமாக எடை போடுகிறது, எந்தத் தரையில் ஓடுகிறது என்பதும் சேரும். அதற்கு ஒற்றைச் சோதனை கிடையாது. அப்பா, அம்மா, அவர்களுடைய அண்ணன் தங்கை என்று எல்லார் எக்ஸ்ரேயும் கிடைத்தால் பார்க்க வேண்டும்.

ஜூன் 15, இரவு

சொந்தம் என்றதும் ஞாபகம் வந்தது. டால்மேஷன் கதை தெரியுமா?

ஒரு காலத்தில் சுத்த டால்மேஷன் அனைத்துக்கும் ஒரு மரபணுவில் இரண்டு பிரதியுமே கெட்டிருந்தது. அப்படி இருந்தால் யூரிக் அமிலத்தைச் சரியாக உடைக்க முடியாது, சிறுநீரில் கல் வரலாம். ஆண் நாய்க்கு அந்தக் கல் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இனத்துக்குள்ளே எவ்வளவு தேடினாலும் நல்ல பிரதி கிடைக்கவில்லை. 1973ல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியல் ஆய்வாளர் ஒரு டால்மேஷனை ஒரே ஒரு தடவை பாயிண்டர் இனத்தோடு சேர்த்தார். அதில் வந்த குட்டிகளை மறுபடி டால்மேஷனோடே சேர்த்து, ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த நல்ல பிரதி உள்ள குட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். சில தலைமுறையில் பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசமே இல்லாமல் போனது. அப்படியிருந்தும் அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த வழி நாய்களைப் பதிவேட்டில் முழுமையாக ஏற்றுக்கொண்டது 2011ல். இடையில் 38 வருடம். அத்தனை வருடமும் ரத்தச் சுத்தம் கெட்டுவிடும் என்றுதான் எதிர்த்தார்கள், கல் அடைத்த நாய்கள் ஒரு பக்கம் வந்துகொண்டே இருந்தன.

கூடப்பிறந்த இரண்டைச் சேர்த்தால் குட்டிகளின் உட்கலப்பு அளவு, அதாவது ஒரே மூதாதையின் ஒரே பிரதி அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு, 25 சதவீதம். அப்பா மட்டும் அல்லது அம்மா மட்டும் ஒன்றென்றால் 12.5. முதல் பங்காளி உறவென்றால் 6.25. வம்சாவளிக் காகிதத்தில் ஒரே சாம்பியன் பெயர் நான்கு இடத்தில் இருந்தால் பெருமைப்படாமல் எண்ணிப் பாருங்கள்.

ஜூன் 16

மேலே "முதல் பங்காளி" என்று எழுதியது குழப்புகிறது என்கிறார்கள். அண்ணன் பிள்ளையும் தம்பி பிள்ளையும் என்று படியுங்கள்.

ஜூலை 2

காசு வாங்குவது பாசமா என்ற கேள்விக்கு வருகிறேன், அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

குட்டி பிறந்ததிலிருந்து வீட்டைவிட்டுப் போகும்வரை எட்டு வாரம். முதல் இரண்டு மூன்று வாரம் அம்மாவே நக்கிச் சுத்தம் செய்துவிடுவாள். திட உணவு தொடங்கியதும் நிறுத்திவிடுவாள், பிறகு அந்த வேலை நம்முடையது. இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை குடற்புழு மருந்து. தடுப்பூசி, மைக்ரோசிப். மூன்றாவது வாரம் முதல் ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம்வரை குட்டி எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதற்குப் பயப்படாது. குக்கர் சத்தம், குடை விரிவது, தாடிக்காரர், தொப்பிக்காரர், சக்கர நாற்காலி, சின்னக் குழந்தை எல்லாம் அந்த நாட்களுக்குள் வர வேண்டும். அதில் பாதி நாட்கள் குட்டி என் வீட்டில் இருக்கும். ஒரு குட்டிக்குத் தினமும் கால் மணி நேரம் தனியாகக் கொடுத்தாலும் எட்டுக் குட்டிக்கு இரண்டு மணி நேரம்.

பணம் வாங்குகிறேன். இந்தச் செலவை யாராவது கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் கொடுக்காவிட்டால் அடுத்த ஈற்றில் எக்ஸ்ரேயைத் தவிர்க்கத்தான் மனம் போகும். ஆனால் பணம் கொண்டு வந்ததால் மட்டும் யாருக்கும் குட்டி கொடுத்ததில்லை. "பரிசு கொடுக்க வேண்டும், பிறந்த நாளுக்குள் கிடைக்குமா" என்றவருக்கு இல்லை என்றேன். வீட்டில் எல்லாரும் காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை வேலைக்குப் போகும் குடும்பத்துக்கும் இல்லை என்றேன், அவர்கள் மிகவும் நல்லவர்கள், அந்த முகம் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது.

எழுத்தில் ஒரு நிபந்தனை வைக்கிறேன். என்ன வயதில், என்ன காரணத்துக்காக வளர்க்க முடியாமல் போனாலும் நாய் என்னிடம்தான் திரும்ப வர வேண்டும். தெருவுக்கோ காப்பகத்துக்கோ போகக் கூடாது. இருபத்திரண்டு குட்டிகளை வெளியே கொடுத்திருக்கிறேன். இருபத்திரண்டுக்கும் என் வீட்டில் இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் நான்காவது ஈற்று வேண்டாம் என்று நிறுத்தினேன்.

ஜூலை 3

புல்டாக் வைத்திருப்பவர் கோபப்பட்டிருக்கிறார், "நாங்களும் எல்லாச் சோதனையும் செய்கிறோம்" என்று. செய்வீர்கள், நம்புகிறேன். ஆனால் பிரிட்டனில் பதிவான நாய்களைக் கணக்கெடுத்தபோது புல்டாக் ஈற்றுகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் சிசேரியன். குட்டியின் தலை அம்மாவின் இடுப்பு வழியாக வராத அளவுக்கு நாமே வடிவம் கொடுத்திருக்கிறோம். நார்வேயில் 2022ல் ஆஸ்லோ மாவட்ட நீதிமன்றம் புல்டாக், கவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியல் என்ற இரண்டு இனத்தையும் இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் புல்டாக் பற்றிய பகுதி நிற்கவில்லை. கவலியர் பற்றியதை 2023ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. மூளைக்கு மண்டை ஓட்டில் இடம் போதாமல் வலியோடு வாழும் நாயைக் கண்டவர்கள் அந்தத் தீர்ப்பைக் கடுமை என்று சொல்ல மாட்டார்கள். நான் ஒன்றைப் பார்த்திருக்கிறேன், நடந்துகொண்டே, தோலில் படாமல் காற்றில் காலை ஆட்டிக் கழுத்தைச் சொறிவதுபோல் செய்யும்.

ஜூலை 20

சாரலைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது.

இரண்டாவது ஈற்றில் நான் வைத்துக்கொண்ட பெட்டை சாரல். மூன்று ஈற்றிலும் சேர்த்து ஒருத்தியை மட்டும் சொல் என்றால் அவளைத்தான் சொல்வேன். குழந்தை அழுதால் பக்கத்தில் போய்ப் படுப்பாள். இடி இடித்தால் மற்ற நாய்களைப் பார்த்துவிட்டு மறுபடி தூங்குவாள். இப்படி ஒரு குணம் அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். குட்டிக்கு முன்பதிவுகூட நான்கு பேர் சொல்லி வைத்திருந்தார்கள்.

பதினான்கு மாதத்தில் எடுத்த இடுப்பு எக்ஸ்ரே பரவாயில்லை. இரண்டு வயதில் முடிவான படம். வலது தொடை எலும்பின் பந்து கிண்ணத்துக்குள் பாதிகூட உட்காரவில்லை. அவள் நொண்டவில்லை, படிக்கட்டில் தாவித்தான் ஏறுவாள். ஒருவர் சொன்னார், "இடுப்பு மிக நன்றாக உள்ள ஆணோடு சேர்த்தால் சரியாகிவிடும், அவள் குணத்தை வீணாக்காதே." ஒரு வாரம் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். நான் ஆசைப்பட்டது அந்தக் குணத்துக்குத்தான், வலி வரப்போவது எனக்கல்ல.

கருத்தடை ஆபரேஷன் செய்தேன். கண், மரபணு, எக்ஸ்ரே இரண்டு தடவை, அத்தனையும் நோட்டில் செலவுப் பக்கத்தில் இருக்கிறது, எதிரே வரவுப் பக்கம் வெறுமை. எட்டுப் பங்கு லாபம் என்று கணக்குப் போடும்போது இந்தப் பக்கத்தை யாரும் சேர்ப்பதில்லை.

சாரல் இப்போது என் காலடியில்தான் படுத்திருக்கிறாள். கொஞ்சம் குண்டு, நான்தான் கவனிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 9

முதலில் கேள்வி கேட்டவர் நேற்று எக்ஸ்ரே படங்களை அனுப்பினார். மனதார மகிழ்ச்சி. அவருடைய பெட்டைக்கு இடுப்பு நன்றாக இருக்கிறது, முழங்கையும் சுத்தம், கண்ணும் சுத்தம். ஆனால் ஆண் நாயின் சொந்தக்காரர் எக்ஸ்ரேக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். "நன்றாக ஓடியாடுகிறதே, மயக்கம் கொடுத்து எதற்குக் கஷ்டப்படுத்த வேண்டும்?" என்கிறாராம். அவருக்கும் பாசம்தான் காரணம்.

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தெரிந்தவர், மனம் கோணும், எல்லாம் புரிகிறது. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்டால், என் முதல் ஈற்றின் அப்பாவும் நன்றாக ஓடியாடியவன்தான். அவன் சொந்தக்காரர் சொன்ன வார்த்தையும் ஏறக்குறைய இதேதான். அம்மாவுக்கு எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, அப்பாவுக்கு வாய் வார்த்தையை நம்பினேன். ஐந்து வயதில் அவன் நொண்ட ஆரம்பித்தபோதுதான் படம் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் கெட்டிருந்தது.

ஆகஸ்ட் 10

குட்டிகளுக்கும் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். பச்சை நூல் போக எட்டு. எட்டு வீட்டுக்கும் உடனே போன் செய்து உண்மையைச் சொன்னேன். ஐந்து வீட்டில் எக்ஸ்ரே எடுத்தார்கள், இரண்டு குட்டிக்கு இருந்தது. மஞ்சள் நூலுக்கு லேசாக. சிவப்பு நூலுக்கு மோசம். பிறந்த நிமிடத்திலிருந்து எல்லார் தலைமேலும் ஏறிப்போனவன். அவர்கள் என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பாதிச் சிகிச்சைச் செலவு நான் கொடுத்தேன், அது முதல் ஈற்றின் நோட்டில் பின்னால் ஒட்டிய தாளில் இருக்கிறது.

ஆகஸ்ட் 31

சிவப்பு நூலை வளர்த்த அம்மா நேற்றுக் கூப்பிட்டார்கள். அவர்களுக்கே முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கிறது, மகள் வீட்டுக்குப் போகிறார்கள், மாடி வீடு. அவனுக்கு ஒன்பது வயது, முப்பத்தெட்டு கிலோ, படி ஏற முடியாது. "நீங்கள் அன்றைக்கு எழுதிக் கொடுத்த தாள் இன்னும் இருக்கிறது, அதை நம்பித்தான் கேட்கிறேன்" என்றார்கள். கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்றேன். போனில் அழுதார்கள். வாரம் ஒரு தடவை வீடியோ காலில் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அழைத்து வருகிறார்கள். மாத்திரை என்ன, எத்தனை வேளை என்று கேட்டு எழுதிக்கொண்டேன். டைல்ஸ் தரையில் அவனுக்குப் பின்னங்கால் வழுக்குமாம். வாசலிலிருந்து கொல்லைக் கதவுவரை ரப்பர் விரிப்பு போட்டுவிட்டேன், ஓரம் தூக்காமல் இருக்க டேப் ஒட்டி. இப்போதே சாரல் அதன்மேல் நடந்து பார்த்துவிட்டாள்.